செபக்கொட்டிலும் அக்காவின் காணியும்

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் விசுவமடு. வயது 34. கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கெழுதுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். இப்போது வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகும்படி உள்ளத்தில் ஏவுதல் இருக்கிறது. பாஸ்டர் உற்சாகப்படுத்துகிறார், மனைவி பயப்படுகிறா. அப்பாவின் மூன்று ஏக்கர் காணியின் முன்பக்கத்தில் ஒரு செபக்கொட்டில் போடவும் ஆசை. அந்தக் காணி விசயமாக அக்காவோடு மூன்று வருடமாகக் கதைபேச்சு இல்லை. அப்பா மோசம்போனபின் மூத்த ஆண்பிள்ளை என்று அரசகாணி அனுமதிப்பத்திரம் என் பெயருக்கு மாறியதில் அவவுக்கு மனக்குறை. அத்தான் 2009இல் காணாமல் போனவர். அக்கா இரண்டு பிள்ளைகளோடு புதுக்குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறா. அது உலகக் காரியம், செபத்தில் வைத்திருக்கிறேன். என் கேள்வி இதுதான்: சம்பள வேலையில் இருந்துகொண்டு கர்த்தருக்கு உண்மையாக ஊழியம் செய்ய முடியுமா? வெள்ளிக்கிழமை உபவாசம், ஆராதனையில் ஒலிபெருக்கி பாவிப்பது பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல்.

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி

தம்பி,

உபவாசம் உமக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது, நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைத்து வையும், பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கும்.

சம்பள வேலை பற்றி. மாதாமாதம் கடை முதலாளி 12 வீதமும் நீர் 8 வீதமும் கட்டுகிற பணம் எங்கே போகிறது? ஊழியர் சேமலாப நிதிக்கு. அந்தச் சட்டம் 1958இல் வந்தது. அப்போதிருந்தே கடையில் நிற்கிறவனுக்கும் ஆலையில் தைக்கிறவளுக்கும் இந்த நாட்டில் ஊழியர் என்றுதான் பெயர். நீர் கணக்கெழுதுகிறவர். சீமெந்து மூட்டை தூக்குகிற பெடியளின் பெயரிலும் அந்த 12 வீதம் ஒழுங்காகப் போகிறதா என்று உம்மை விட வேறு யாருக்குத் தெரியும்? வயலை அறுத்தவனின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினாரே, அந்தச் சத்தம் முதலில் கேட்பது உம்முடைய மேசையில்தான். முடியுமா என்று கேட்டீர். முடியும்.

இதற்கு மட்டும் என்றால் நாலு வரியில் தனிமடல் போட்டிருப்பேன். நாலு நாளாக என்னைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது நீர் நடுவில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன வரிகள். "அது உலகக் காரியம், செபத்தில் வைத்திருக்கிறேன்."

தம்பி, கோபிக்கவேண்டாம், என் மகனாக இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன். திறக்க மனமில்லாத ஒன்றைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, அதற்குச் செபம் என்று பெயர் வைக்காதேயும். அக்காவுக்கு நீர் செய்ய வேண்டியதை ஆண்டவர் வந்து செய்துதரும்படி கேட்கிறீரா?

காணி உலகக் காரியம் என்று உமக்கு யார் சொன்னது? எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாரும். செலோப்பியாத் என்று ஒருவர், வனாந்தரத்தில் செத்துப்போகிறார். ஆண்பிள்ளை இல்லை. ஐந்து பெண்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஐந்து பேரின் பெயரையும் வேதம் ஒன்றும் விடாமல் எழுதிவைத்திருக்கிறது. அவர்கள் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கு வந்து, மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை எல்லாருக்கும் முன்னால் நின்று, எங்கள் தகப்பனுடைய காணியில் எங்களுக்கும் பங்கு தாருங்கள் என்று கேட்கிறார்கள். இது உலகக் காரியம், போய் அழுது செபியுங்கள் என்று மோசே சொல்லவில்லை. கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று கர்த்தர் சொல்லுகிறார். அதோடு நிற்காமல், இனிமேல் இதுதான் பிரமாணம் என்று சட்டத்தையே எழுதவைக்கிறார். அவர்களுக்கு அண்ணன் தம்பி இல்லை, என் அக்காவுக்குத் தம்பி நான் இருக்கிறேனே, எங்கள் கதை வேறு என்று நீர் சொல்லக்கூடும். சொல்லும். ஆனால் காணிக்கதை கர்த்தருக்கு முன்னால் வராத கதை என்று மட்டும் சொல்லாதேயும்.

உம்முடைய பெயருக்கு மாறியது சட்டப்படிதான், எனக்குத் தெரியும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளர் என்று யாரையும் எழுதிவைக்காமல் அனுமதிப்பத்திரக்காரர் கண்ணை மூடினால் அதன் மூன்றாம் அட்டவணை மகனைத்தான் முன்னுக்கு வைத்தது. மகளை மகனுக்குப் பின்னால் நிற்கவைத்தது. அந்த வரிசையை எழுதியது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபை. சீனாய் மலையிலிருந்து வந்ததல்ல.

விசுவமடு மூன்று ஏக்கர் என்றதும் எனக்குக் கண்ணில் வந்தது செத்தல் மிளகாய். படித்த வாலிபர் திட்டத்தில் காடு வெட்டிக் குடியேறின காணிகள் அவை. 1970க்கும் 77க்கும் இடையில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் கட்டுப்பட்டு நின்றபோது அந்த மண் எத்தனை வீட்டைக் கல்வீடாக்கியது! பிறகு தொண்ணூறுகளில் போர்க்கால மண்ணெண்ணெய்த் தடை. போத்தலில் அளந்து வாங்கி மெசின் இறைத்த காலம். உம்முடைய வீட்டில் அப்பா இறைக்க, தண்ணி மாறினது யார்? நீர் அப்போது மடியில் இருந்திருப்பீர். மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகமுதல் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறி, வந்து மிளகாய் பிடுங்கி, எரிகிற கையோடு கொப்பி எழுதியிருக்கும். அப்படி வந்த பிள்ளைகளை நான் வகுப்பில் வைத்துப் படிப்பித்திருக்கிறேன். அவர்கள் கண்ணைக் கசக்கமாட்டார்கள். பயம், கையில் மிளகாய் இருக்கும். அந்தக் காணியில் உம்முடைய அக்காவுக்கு வெறும் மனக்குறைதானா இருக்கிறது?

அதன் முன்பக்கத்தில் செபக்கொட்டில்! கொர்பான் என்ற சொல்லை ஞாபகமிருக்கிறதா, மாற்கு ஏழாம் அதிகாரம்? தாய்க்கும் தகப்பனுக்கும் கொடுக்கவேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் இனிக் கொடுக்கத் தேவையில்லை என்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இயேசு அதைக் கேட்டுக் கொதித்தார். கொட்டில் எழும்பி, வெள்ளையடித்து, சனமும் கூடி, "கர்த்தருடைய இடம்" என்று ஆனபிறகு உம்முடைய அக்கா எந்த வாயால் தன் பங்கைக் கேட்பா?

இவ்வளவு கடுமையாக எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

2011இல் நாங்கள் தண்ணீரூற்றில் திரும்பக் குடியேறியபோது வளவுகளுக்கு வேலி இல்லை. எல்லைக்கல்லைக்கூடக் காணவில்லை. எல்லாம் பற்றை. எங்களுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் ஒரு மூலையில் ஒரே ஒரு தென்னை, போரில் விழுந்த செல்லில் தலை முறியாமல் தப்பி நின்றது. அது பக்கத்தக்காவின் தென்னை. எனக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும். என்னுடைய மனிசன் கிளுவங்கதியால் நட்டு வேலி போட்டபோது அந்த இடத்தில் வேலி மெல்ல வளைந்து தென்னைக்கு அங்காலே போனது. வேலி அரக்குகிறவர்களை எங்கள் ஊர் எவ்வளவு கேவலமாகப் பேசும்! நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த மரத்துத் தேங்காயைத் துருவிக் கறிவைத்தேன், ஞாயிறு பாடசாலையில் நல்ல சமாரியன் கதையும் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த வைகாசி. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு அக்கா கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு ஒழுங்கையால் போனதைக் கண்டேன். இரண்டு தேங்காய், ஒரு சொப்பிங் பையில். எங்கள் படலையைத் தாண்டித்தான் போனா. அன்று பின்னேரம் வழமைபோல மகளிடம் எங்களுக்குப் பொங்கல் கொடுத்தனுப்பியிருந்தா. நான் அதைச் சாப்பிட்டேன், தம்பி. தொண்டையில் சிக்கவில்லை. ருசியாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியும் அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து ஆராதனையில் நான் வாசிக்கவேண்டிய பகுதி மத்தேயு ஐந்து. எத்தனையோ தரம் வாசித்ததுதான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது எல்லாருக்கும் தெரியும். யார் மனதில் உள்ள குறை என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்று இருக்கிறது. எனக்கு அவன்மேல் கோபமா என்று ஆண்டவர் கேட்கவில்லை. எனக்கு அக்காமேல் ஒரு கோபமும் இருந்ததில்லையே! என் மனது சுத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சுத்தத்தை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை. குறை அவவுக்கு, நடக்கவேண்டியது நான். உமக்கும் அக்காமேல் கோபமில்லை என்று நினைக்கிறேன். கடிதத்தில் ஒரு சுடுசொல் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அவவே ஒண்டும் சொல்லேல்லை, உனக்கென்ன?" என்றார் மனிசன். அன்று பின்னேரம் நான் தனியே போனேன். என்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகமில்லை. அக்கா மன்னித்தேன் என்று சொல்லவில்லை, அழவில்லை, உள்ளே வா என்று கூப்பிடவுமில்லை. வேலியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இப்ப புடுங்கினால் கதியால் பட்டுப்போம். கார்த்திகை மழை வரட்டும்" என்றா. ஆறு மாதம் அந்த வேலி பிழையான இடத்தில் நின்றது. விழுந்த தேங்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் அவ வாங்கி வைத்துவிட்டு வேறு ஏதாவது கதைத்தா.

முழுநேர ஊழியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வன்னிச் சனத்துக்கு அது என்னவென்று தெரியும். கத்தோலிக்கக் குரு சரத்ஜீவன் அடிகளார், போருக்குள் அகப்பட்ட சனத்தை விட்டு முதலே வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. 2009 மே 18, சனத்தோடு சனமாக வருகிற வழியில் விழுந்து உயிரைவிட்டார். அவரைக் கண்ட சனத்திடம்தான் நீர் வேதாகமத்தோடு போகப்போகிறீர். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் காணாமல் போனவர்களின் உறவுகள் மடியில் படத்தோடு இருந்தார்களே, அந்த வீடுகளுக்குப் போகப்போகிறீர். உம்முடைய அக்காவின் வீடும் அப்படி ஒரு வீடுதானே? அதைத் தாண்டிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போகிறீர்?

கொட்டில் வேலையை நிறுத்தும். பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரிடம் போய், அக்காவின் பங்கை எப்படி எழுத்தில் கொடுக்கலாம், காணியைப் பிரிக்க இடமிருக்கிறதா என்று கேளும். கேட்டுவிட்டுப் புதுக்குடியிருப்புக்குப் போம். பாஸ்டரைக் கூட்டிப்போகவேண்டாம். மனைவி வந்தால் நல்லது. செபித்து ஆரம்பிப்போம் என்று தொடங்காதேயும், அக்காவைக் கதைக்க விடும். வாசலில் நிற்கவைத்துப் பேசினால் நின்று கேளும். மூன்று வருடக் கதை, ஒரு பின்னேரத்தில் முடியாது. மருமக்களுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போம்.

அக்கா என்ன சொன்னா என்று எழுதும். வேலையை விடுகிறதைப் பிறகு கதைப்போம்.

அன்புடன்,
ரீச்சர்