வீட்டில் தயாரித்த ஸ்டீராய்டு ஊசி: ஃபில்டர் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். வயது 23. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறேன். ஜிம்மில் ஒரு அண்ணன் ஆன்லைனில் பவுடர் வாங்கி, எண்ணெயில் கலந்து, டெஸ்டோஸ்டிரோன் ஊசி மருந்தை வீட்டிலேயே தயார் செய்கிறார். இரண்டு முறை போட்டுக்கொண்டேன், இடுப்பில் வலி இருந்தது. இனிமேல் ஃபில்டர் வைத்துச் சுத்தமாகச் செய்யலாம் என்கிறார். அதற்கு எந்த நம்பர் ஊசி, எந்த மாதிரிக் குப்பி வாங்க வேண்டும்?

பதில்: தம்பி, ஊசி நம்பரையும் குப்பி அளவையும் நான் சொல்லப்போவதில்லை. எதை வாங்கினாலும் அந்தத் திரவம் உடம்பில் ஏற்றத் தகுந்த மருந்தாகாது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

ஜிம் வட்டாரத்தில் ‘ஃபில்டர்’ என்று இரண்டு பொருட்களைச் சொல்கிறார்கள். ஒன்று ஃபில்டர் ஊசி. கண்ணாடி ஆம்பூலை உடைக்கும்போது விழும் பொடித் துகள் சிரிஞ்சுக்குள் வராமலிருக்க ஆஸ்பத்திரியில் பயன்படுத்துவது. அதன் துளை பெரும்பாலும் 5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவில்தான் இருக்கும் என்பதால் தாராளமாக நுழைந்துவிடும். இன்னொன்று 0.22 மைக்ரான் சவ்வு. இது பாக்டீரியாவைப் பிடிக்கும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. செத்த பாக்டீரியாவின் உடலிலிருந்து கழன்ற நச்சு, என்டோடாக்ஸின், அதைத் தாண்டிப் போகும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கரைந்திருக்கும் ஈயம் போன்ற உலோகங்களும் அப்படியே போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பவுடர் டெஸ்டோஸ்டிரோன்தானா, எத்தனை மில்லிகிராம், கூட என்ன கலந்திருக்கிறது என்பதை எந்தச் சவ்வும் சொல்லாது. லேபிள் ஒட்டியவர் சொன்னதுதான் கணக்கு.

சரி, சவ்வு தன் வேலையைச் செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் நிஜமான ஆபத்து. மருந்துக் கம்பெனியில் வடிகட்டி முடித்ததும் சவ்வு எங்காவது கிழிந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். வடிகட்டிய காற்று ஓடும் அறையில் குப்பியை நிரப்புவார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று 14 நாள் பார்ப்பார்கள். உங்கள் அண்ணன் வீட்டில் மேலே ஃபேன் ஓடுகிறது, பக்கத்து அடுப்பில் கடுகு தாளிக்கிறார்கள். பழைய குப்பியைக் கழுவி எடுத்தால் அதிலிருக்கும் அழுக்கும் கிருமியும் சேரும். தடித்த ஊசியால் ரப்பர் மூடியைத் திரும்பத் திரும்பக் குத்தினால், ரப்பர் துணுக்குகள் வெட்டுப்பட்டு உள்ளே விழும். எல்லாம் வடிகட்டிய பிறகு. முறையாகத் தயாரித்த பல டோஸ் குப்பியையே முதல் குத்து விழுந்தபின் பொதுவாக 28 நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

ஒரே குப்பியில் இரண்டு பேர் எடுப்பது இன்னும் மோசம். ஒருவர் பயன்படுத்திய ஊசியை மறுபடி குப்பிக்குள் விட்டால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் உள்ளே போக வழி உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸ் 0.04 மைக்ரான்தான், 0.22 அதற்கு அகலமான வாசல்.

இப்போது உங்கள் விஷயம். எண்ணெய் ஊசி போட்ட இடத்தில் இரண்டு மூன்று நாள் வலி சாதாரணம். அதற்குப் பிறகும் சிவப்பு பரவினால், தொட்டால் சுட்டால், காய்ச்சல் வந்தால், அழுத்தும்போது உள்ளே நீர் நிற்பதுபோல் மெத்தென்று இருந்தால் அன்றே சர்ஜனிடம் காட்டுங்கள். ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள், நீங்களே ஊசியால் குத்திச் சீழ் எடுக்கவும் வேண்டாம். மைக்கோபாக்டீரியா வகைக் கிருமிகள் சில நிதானமானவை. பல வாரம் கழித்துக் கட்டியாகத் தலைகாட்டும், வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு மசியாது. அதனால் என்ன போட்டுக்கொண்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், சீழைப் பரிசோதனைக்கு அனுப்ப அது உதவும். ஊசி போட்ட உடனே தொடர் இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால், எண்ணெய் ரத்தக் குழாய் வழியாக நுரையீரலுக்குப் போயிருக்கலாம். 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது.

இத்தோடு நிறுத்திவிடுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வரும்போது விரைகள் தம் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். விந்தணுவும் குறையும். நிறுத்தினால் பெரும்பாலும் மீளும், ஆனால் நீண்ட நாள் போட்டவர்களுக்கு மாதக்கணக்காகும். ‘ரெக்கவரி மாத்திரை’ என்று ஜிம்மில் நீட்டுவதையும் வாங்காதீர்கள். அந்த அண்ணன் இதைக் காசுக்குக் கொடுக்கிறார் என்றால், லைசென்ஸ் இல்லாமல் மருந்து தயாரித்து விற்பது 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி குற்றம். போலீஸ் வேலைக்குப் போகிறவர் அந்த வழக்கில் பெயர் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

செலக்‌ஷனுக்கு இது தேவையும் இல்லை. அங்கே கேட்கும் மார்பு விரிவு 5 செ.மீ. வருவது விலா எலும்புக்கூடும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்து செய்யும் வேலை. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிப்பது ஓட்டப் பயிற்சியால் வருவது, தசைப் பெருக்கத்தால் அல்ல. நம் பக்கத்துக் கொள்ளில் 100 கிராமுக்கு சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம். பவுடருக்குப் போகும் காசில் இவை எவ்வளவோ வாங்கலாம்.

கிருஷ்ணகிரி அல்லது தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம்பிக்கை மையத்தைக் கேட்டுப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. ஹெபடைடிஸ் பி, சி சோதனையையும் அங்கேயே கேளுங்கள். கூடவே ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கொழுப்பு, கல்லீரல் சோதனைகள். கடைசி ஊசிக்கு மூன்று மாதம் கழித்து எச்.ஐ.வி. சோதனையும், ஆறு மாதம் கழித்து ஹெபடைடிஸ் சி சோதனையும் மறுபடி செய்ய வேண்டும். ஹெபடைடிஸ் பி இல்லை என்று வந்து, முன்பு தடுப்பூசியும் போடவில்லை என்றால், அன்றே முதல் டோஸைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில்.