குழாயில் ஒட்டிக்கொள்ளும் காலியம்

தம்பி, பாலக்காட்டு லேபில் சிலிக்கோன் குழாய்க்குள் காலியம்-இண்டியம் (அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உலோகக் கலவை) ஏற்றி 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா செய்திருக்கிறீர்கள், உலோகத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்த பிறகும் ரேடார் எதிரொலி குறையவில்லை என்கிறீர்கள். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உள்சுவரில் சாம்பல் பூச்சு தெரியும். காற்று பட்டதும் காலியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் படியும், அதுதான் உலோகத்தையும் இழுத்துக்கொண்டு சுவரில் ஒட்டுகிறது. பூச்சு அறுபடாமல் 6 சென்டிமீட்டர் ஓடினால் அதுவே கிட்டத்தட்ட அரை அலைநீளம், பூச்சே ஆன்டெனாவாகி எதிரொலிக்கும், காலி செய்த மாதிரியே இல்லை.

முதலில் குழாயில் நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலை நிரப்புங்கள், உலோகம் அதைத் தள்ளிக்கொண்டு போகட்டும். தோல் கரைந்து உருண்டையாய் நகரும், கொஞ்சம் ஹைட்ரஜன் குமிழி வரும், கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ஆனால் கரைசலும் மின்சாரம் கடத்தும், ஆன்டெனாவின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் கீழே இறங்கும், அதனால் அளக்கும்முன் வடித்துவிடுங்கள்.

அப்புறம், இண்டியம் கலக்காத வெறும் காலியம் வாங்கிவிடாதீர்கள். வாளையாரில் என் மேசையில் மதிய வெயிலுக்கு உருகிக் கிடந்தது, ஏசி போட்டதும் குழாய்க்குள் உறைந்துவிட்டது (அதன் உருகுநிலை 29.8 டிகிரி). அலுமினியக் கனெக்டர் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், காலியம் அதை அரித்து நொறுக்கிவிடும்.