சட்டைக் கையை மடக்கிப் பார்த்தால் காப்பி நின்றுவிடுமா?

கேள்வி: ஐ.டி. சான்றிதழ் தேர்வுகளில் காப்பியடிப்பதைத் தடுக்க உண்மையிலேயே வழி இருக்கிறதா? ஒருவர் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?

சென்னையில் ஒரு தேர்வு மையத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், ஏ.டபிள்யூ.எஸ். (அமேசானின் கிளவுட் பிரிவு) தேர்வுகள் எல்லாம் அங்கே நடக்கும். இப்போது ஒரு கம்பெனியில் நெட்வொர்க் டீமுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். அன்று நான் சோதித்துத் தேர்வறைக்குள் அனுப்பிய ஆட்கள்தான் இன்று சான்றிதழோடு எதிரே வந்து உட்காருகிறார்கள்.

மையத்தில் சோதனை கடுமையாகத்தான் இருக்கும். போன், வாட்ச், பர்ஸ் எல்லாம் லாக்கருக்குள். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும், சட்டைக் கையை மேலே ஏற்ற வேண்டும். கண்ணாடி போட்டவர்களிடம் அதைக் கழற்றி வாங்கி, ஃபிரேமில் கேமரா இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்போம். போட்டோ, கையெழுத்து. எழுதிப் பார்க்கப் பேப்பர் கிடையாது, அழித்து எழுதும் அட்டையும் மார்க்கரும்தான், அதையும் போகும்போது வாங்கிக்கொள்வோம். "என்ன சார், ஏர்போர்ட்டா இது?" என்று கேட்காத ஆளே இல்லை.

இவ்வளவு செய்தும், அந்த மூன்று வருடத்தில் துண்டுச் சீட்டோடு மாட்டியவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஏனென்றால் ஆள் வாசலுக்கு வருவதற்கு முன்பே காப்பி முடிந்துவிடுகிறது. டம்ப்ஸ். தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்து வந்து கொட்டிய கேள்விகளை விடையோடு பி.டி.எஃப். ஆக்கி விற்பது. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும்.

ஒரு பையன் இன்னும் கண்ணில் நிற்கிறான். ஏ.டபிள்யூ.எஸ். அசோசியேட் தேர்வு, 65 கேள்வி, 130 நிமிடம். பல கேள்விகள் ஒரு பத்தி நீளம் இருக்கும், நிதானமாகப் படிக்கவே ஒரு நிமிடம் ஆகும். நான் கேமராத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் கண் கேள்வியின் முதல் வரியோடு சரி. கிளிக், அடுத்தது. கிளிக், அடுத்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கையைத் தூக்கிவிட்டான். "ஈஸிதான் சார்" என்று சொல்லி லாக்கர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். நான் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? என் கண்ணுக்குத் தெரிய அவன் எந்த விதியையும் மீறவில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருக்கும். எந்தக் கேள்விக்கு எத்தனை விநாடி என்று எல்லாம் பதிவாகும். அந்த 65 கேள்வியில் 15-க்கு மதிப்பெண்ணே கிடையாது, எவை என்பது எழுதுபவருக்குத் தெரியாது. இப்படி மதிப்பெண் இல்லாமல் புதுக் கேள்விகளைக் கலந்து விடுவது பல தேர்வுகளில் உண்டு. பழைய கேள்விகளை ஆறு விநாடியில் சரியாகப் போட்டவர், புதுசு வந்ததும் திணறினால் சங்கதி வெளியே தெரிந்துவிடும். இன்னொரு தந்திரம், விடைப் பட்டியலில் வேண்டுமென்றே தப்பு விடையைச் சரி என்று குறித்து வைத்த பொறிக் கேள்வி. பாடம் தெரிந்தவர் சரியான விடையைப் போடுவார். டம்ப்ஸை மனப்பாடம் செய்தவர், அதிலுள்ள தப்பு விடையையே நம்பி விழுவார்.

இதையெல்லாம்விடச் சிறந்த தடுப்பு, மனப்பாடம் செய்ய எதுவுமே இல்லாத தேர்வு. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் நிர்வாகத் தேர்வான ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ.வில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கதையே கிடையாது. மெஷினைக் கொடுத்து, இதைச் செய் என்பார்கள். பல சர்வர்களில் ஓடும் மென்பொருளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸுக்கான சி.கே.ஏ. தேர்வும் அப்படித்தான். இரண்டு மணி நேரம், அதில் அதிகாரப்பூர்வ ஆவணங்களைத் திறந்து பார்க்கவே அனுமதி உண்டு. பார்த்து எழுதலாம் என்று சொல்லியும் ஃபெயில் ஆகிறார்கள்! எல்லோரும் இதற்கு மாறாததற்கு, நடத்தச் செலவு பிடிக்கும் என்பதும் ஒரு காரணம்.

சரி, மாட்டினால் என்ன செய்வது? ஒரு ஆள் மாறாட்டக் கதை. வந்தவரின் ஐடி, அதாவது அடையாள அட்டையில் இருந்த போட்டோ, முகத்தோடு ஏறக்குறைய பொருந்தியது. ஆனால் எங்கள் செக்யூரிட்டி அண்ணன் மெதுவாக என்னிடம் வந்து, "சார், இவர் போன மாசம் வேற பேர்ல வந்தாரு" என்றார். நான் சத்தம் போடவில்லை. "ஐடியைச் சரிபார்க்கணும், அஞ்சு நிமிஷம் உட்காருங்க. பிறந்த தேதி மட்டும் சொல்லுங்க" என்றேன். மனுஷர் விட்டத்தைப் பார்த்தார். அப்புறம் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர்தான், இன்னும் வரவில்லை.

மையத்தின் வேலை அவ்வளவுதான். தடுப்பது, நேரத்தோடு எழுதி வைப்பது, கூட இன்னொருவரைச் சாட்சியாகப் பார்க்க வைப்பது, கேமராப் பதிவைப் பத்திரப்படுத்துவது. கையில் போன் இருந்தால் தேர்வை நிறுத்தலாம், வெறும் சந்தேகத்துக்கு நிறுத்தக் கூடாது. ரத்தா, தடையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது தேர்வின் சொந்தக்காரர்கள். அவர்களிடம் முறையிட வழியும் இருக்க வேண்டும், ஏனென்றால் சந்தேகம் தப்பாகவும் போகும். வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதிய என் தோழி ஒருத்தியின் அறைக்குள், அவள் அம்மா காபி டம்ளரோடு வந்துவிட்டார். தேர்வு அங்கேயே ரத்து. அறைக்குள் யாரும் வரக் கூடாது என்பது விதி, அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் அது காப்பியும் இல்லை, வெறும் காபி.

போலீஸில் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2024-இல் வந்த பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் யு.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கிப் பணி, நீட் நடத்தும் என்.டி.ஏ. போன்ற அரசு அமைப்புகளின் தேர்வுகளுக்கானது. தனியார் சான்றிதழ்களுக்கு, தொடங்கும்போது படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்துகிறோமே, அந்த ஒப்பந்தம்தான் சட்டம். போலி ஐடி என்றால் அது வேறு விவகாரம்.

எழுதுபவரை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற தணிக்கை நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் அபராதம் போட்டது. அதன் தணிக்கையாளர்கள் காப்பியடித்தது எதில் தெரியுமா? அங்கே கணக்காளர்களுக்குத் தரும் சி.பி.ஏ. உரிமத்துக்கான தொழில் நெறிமுறைத் தேர்வில். விசாரணையில் அதை மறைத்ததும் அபராதத்துக்கு ஒரு காரணம். நம் ஐ.டி. பக்கம் கதை சின்னது, அழுத்தம் அதேதான். ஒரு கம்பெனியில் இத்தனை பேர் சான்றிதழ் வைத்திருந்தால்தான், அந்தக் கம்பெனிக்குப் பெரிய நிறுவனங்களின் பார்ட்னர் அந்தஸ்து கிடைக்கும். "மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடுங்க" என்று மேனேஜர் சொல்வார். பாஸ் ஆனால் மட்டும் தேர்வுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கைக்காசு பல ஆயிரம் போய்விடுமே என்ற பயத்தில் இருப்பவனிடம் பி.டி.எஃப். வந்தால் திறக்காமல் இருப்பானா?

சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ. வைத்திருந்த ஒருவரிடம், ஸ்லாஷ் 26 சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு சிறு பகுதி) எத்தனை ஹோஸ்ட், அதாவது எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம் என்று இன்டர்வியூவில் கேட்டேன். 62 என்பது அடிப்படை. "ஆப்ஷன்ஸ் சொல்லுங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் டீமில் இரண்டு மாற்றம் செய்தோம். சான்றிதழ் இருந்தாலும் லேபில் உட்கார வைத்து அரை மணி நேரம் வேலை வாங்கிப் பார்க்கிறோம். முதல் முறை ஃபெயில் ஆனாலும் கட்டணத்தைக் கம்பெனியே தருகிறது. இந்த வருடம் மூன்று பேர் ஃபெயில். முன்பு யாருமே ஃபெயில் ஆனதில்லையே, இப்போது மட்டும் ஏன் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். பதில் மெயில் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது.