இயற்கைத் தேர்வு இருக்கும்போது மரபியல் நகர்வை ஏன் படிக்க வேண்டும்?

பரிணாமத்தை இயக்குவது இயற்கைத் தேர்வுதான் என்றால் மரபியல் நகர்வை, அதாவது ஒரு கூட்டத்தில் மரபணு வடிவங்களின் விகிதம் தலைமுறைதோறும் தற்செயலாக மாறுவதை, படித்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சை நெருங்கும் அவசரத்தில் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டாயம் படிக்க வேண்டும். பல ஆண்டுகளாக உயிரியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், இந்தப் பகுதி இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடப்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

என் வகுப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் 8 சிவப்பு மணிகளும் 8 வெள்ளை மணிகளும் கொண்ட ஒரு பையைக் கொடுப்பேன். பார்க்காமல் ஒரு மணியை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் பையில் போட வேண்டும். இப்படி 16 முறை எடுத்தால் வரும் விகிதமே அடுத்த தலைமுறை. அதே விகிதத்தில் பையை நிரப்பி மீண்டும் தொடங்க வேண்டும். தலைமுறைகள் செல்லச் செல்ல ஒரு நிறம் குறைந்து, பல பைகளில் அடியோடு மறைந்துவிடும். சிவப்பு மட்டுமே எஞ்சிய குழுவிலிருந்த ஒரு மாணவி, "சார், சிவப்புக்கு அப்படி என்ன நன்மை இருந்தது?" என்று கேட்டார். பக்கத்துக் குழுவின் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னேன். அதில் அத்தனையும் வெள்ளை.

மணிகள் உயிரினங்கள் ஆகா என்று ஆட்சேபிப்பவர்களுக்கு மரபியல் ஆய்வாளர் பீட்டர் பூரி 1956இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். அவர் 107 பழ ஈக் கூட்டங்களை வளர்த்தார். ஒவ்வொன்றிலும் தலைமுறைதோறும் 8 ஆண், 8 பெண் ஈக்களை மட்டுமே பெற்றோராக விட்டார். கண் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவின் இரண்டு அல்லீல்களும் (மாற்று வடிவங்களும்) தொடக்கத்தில் சரிபாதியாக இருந்தன. 19 தலைமுறைகளுக்குப் பின் 30 கூட்டங்களில் ஒரு அல்லீல் அற்றுப்போயிருந்தது. 28 கூட்டங்களில் அதே அல்லீல் மட்டுமே எஞ்சி நிலைத்திருந்தது. தேர்வு மட்டுமே வேலை செய்திருந்தால், ஒரே சூழலில் வளர்ந்த கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் சென்றிருக்கும். ஏறத்தாழ சம எண்ணிக்கையில் எதிரெதிர்த் திசைகளில் பிரிந்து சென்றதுதான் நகர்வின் அடையாளம்.

நான் இயற்கைத் தேர்வைக் குறைத்துப் பேசுவதாக யாரும் கருத வேண்டாம். கண், சிறகு போன்ற சிக்கலான தகவமைப்புகளுக்கு அதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. ஆனால் நன்மை தரும் சடுதிமாற்றமும் (மரபணுவில் திடீரெனத் தோன்றும் மாற்றமும்) முதலில் ஒரே ஓர் உயிரியில்தான் தோன்றுகிறது. அந்த உயிரி சந்ததி விடாமல் மடிந்தால் நன்மையும் அதோடு போய்விடும். பெரிய கூட்டத்தில்கூட 1 சதவீத நன்மை தரும் சடுதிமாற்றம் கூட்டம் முழுவதும் பரவி நிலைபெறும் வாய்ப்பு ஏறத்தாழ 2 சதவீதமே என்பது 1927இலேயே மரபியலாளர் ஹால்டேன் கணக்கிட்டுச் சொன்னது. நகர்வைத் தாண்டி வந்த பிறகுதான் தேர்வின் கை ஓங்குகிறது.

கூட்டம் சிறுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் தீங்கான அல்லீல்களையும் தேர்வால் அப்போது எளிதில் களைய முடியாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமாக்கள் (பெரிய காட்டுப்பூனை இனம்) 20 முதல் 30 வரை குறைந்திருந்த காலத்தில் வளைந்த வால், விதைப்பைக்குள் இறங்காத விந்தகங்கள், இதயக் குறைபாடு ஆகியவை அவற்றில் பரவலாகக் காணப்பட்டன. இவற்றால் அந்த விலங்குக்கு என்ன நன்மை என்று தேடுவது வீண். 1995இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கூட்டத்தின் மரபணுக்கள் இன்னொரு கூட்டத்தில் வந்து கலக்கும் மரபணு ஓட்டம் என்று நீங்கள் படிப்பது இதைத்தான். அவற்றின் வழிவந்த கலப்புக் குட்டிகள் பழைய வழிக் குட்டிகளைவிட அதிகமாகப் பிழைத்தன, குறைபாடுகள் குறைந்தன, எண்ணிக்கையும் பின்னர் 100ஐத் தாண்டியது. அந்தக் குட்டிகள் பிழைத்ததில் இயற்கைத் தேர்வின் பங்கு உண்டு; அது தேர்ந்தெடுப்பதற்கு வேண்டிய வேறுபாடுகளைத் தந்தவை வெளியிலிருந்து வந்த பூமாக்கள்.