விலைவாசி ஏறினால் ஆட்சி இறங்குமா?

அன்புள்ள ஐயா,

'விலைவாசி ஏறினால் ஆட்சி இறங்கும்' என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். பொருளாதாரம் கெட்டால் ஆட்சிக்கான ஆதரவு சரியும் என்பதுதானே அதன் பொருள்? 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலையின்மை 14.7 சதவீதத்தைத் தொட்டது. ஆனாலும் அப்போதைய அதிபர் டிரம்ப்பின் ஆதரவு 40 சதவீதத்தை ஒட்டியே நின்றது. உங்கள் கணக்கு எங்கே போயிற்று?

ம.

அன்புள்ள ம.,

குட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நான் பழைய கணக்கை எழுதிவிட்டேன். வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991இல், கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அப்போதைய அதிபர் மூத்த புஷ்ஷுக்கு 89 சதவீத ஆதரவு இருந்தது. அடுத்த ஆண்டு கோடையில் வேலையின்மை 7.8 ஆனது, ஆதரவு 29க்கு வந்துவிட்டது. நீங்கள் சொல்லும் 14.7இல் ஏறக்குறைய பாதிதான் அந்த வேலையின்மை! அதே கணிப்பில் டிரம்ப்பின் முதல் நான்காண்டு முழுவதும் 34க்கும் 49க்கும் இடையிலேயே கழிந்தது.

பொருளாதாரத்துக்கும் ஆதரவுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை, தலைகீழாகியிருக்கிறது: இப்போது கட்சிதான் பொருளாதாரம் பற்றிய கருத்தை முடிவு செய்கிறது. நாட்டில் அடுத்த 12 மாதம் தொழில் நிலைமை நன்றாக இருக்குமா என்று மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதந்தோறும் மக்களைக் கேட்கிறது. 2016 நவம்பர் தேர்தலில் டிரம்ப் வென்றதும் அவருடைய குடியரசுக் கட்சியினரின் நம்பிக்கை ஒரே தாவாகத் தாவியது, ஜனநாயகக் கட்சியினருடையது சரிந்தது. 2020 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பைடன் வென்றபின் இரு தரப்பும் இடம் மாறிக்கொண்டன. அந்தச் சில வாரங்களில் யாருக்கும் சம்பளம் கூடவில்லை, யார் வாடகையும் குறையவில்லை. கேட்டவர் கேட்டது பொருளாதாரம். பதில் சொன்னவர் காதில் 'நீ எந்தக் கட்சி?' என்று விழுந்திருக்கிறது.

இவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. விலை ஏறியிருப்பது இரு தரப்புக்கும் தெரியும். பழியைத்தான் ஆளுக்கொரு பக்கம் தள்ளுகிறார்கள். தன் கட்சி ஆளும்போது ஏறினால் உலகச் சந்தை காரணம், மற்றவர் ஆளும்போது ஏறினால் நிர்வாகக் கோளாறு. (என் நண்பர்களிடமும் இதைப் பார்க்கிறேன். என்னிடமும் இருக்கலாம்.)

ஆனால் கடை ரசீது கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. 2023 ஜனவரியில் அமெரிக்க வேலையின்மை 3.4 சதவீதம், 1969க்குப் பின் மிகக் குறைவு. பைடனுக்கு அதனால் பெரிய பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. 2022 ஜூனில் 9.1 சதவீதமான பணவீக்கத்தை மட்டும் யாரும் மறக்கவில்லை. வேலையின்மை சிலர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். விலை வாரந்தோறும் எல்லார் கைக்கும் வருகிறது. 1980 தேர்தலில் பணவீக்கத்தில் சிக்கிய அதிபர் கார்ட்டர் ஏறக்குறைய 10 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார். 2024இல் பைடன் கட்சியின் வேட்பாளர் கமலா ஹாரிஸ் பின்தங்கியது சுமார் ஒன்றரைப் புள்ளிதான். ஆட்சி மாற அது போதுமானதாக இருந்தது.

கட்டுரை நூலாகும்போது அந்த வரியைத் திருத்திவிடுகிறேன்.