டெல்டா ரோட்டில் காரை இறக்குவது: காயிலோவர் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கும்பகோணத்திலிருந்து: அண்ணே, 2018 ஹோண்டா சிட்டி வச்சிருக்கேன். காயிலோவர் போட்டு ரெண்டு இன்ச் இறக்கணும். எந்த செட் வாங்கலாம்?

தம்பி, காயிலோவர் என்பது ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக, மரையில் திருகி உயரம் மாற்றும் செட். முதலில் அந்த ரெண்டு இன்ச்சை மறந்துவிடுங்கள். உங்கள் வண்டியின் தரை இடைவெளி 165 மி.மீ., வீல்பேஸ் 2,600 மி.மீ. வாய்க்கால் பாலம் வரும் இடத்திலெல்லாம் நம்ம ஊர் ரோடு மாட்டின் திமில் மாதிரி எழும்பி இறங்கும். அடிவயிறு தட்டாமல் அதைத் தாண்ட, மேட்டின் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து இப்போது உங்களுக்குச் சுமார் 14.5 டிகிரி வரை இருக்கலாம். 25 மி.மீ. இறக்கினால் 12.3 ஆகும், 50 இறக்கினால் 10. இது காலி வண்டிக் கணக்கு. நாலு பேர் ஏறினால் இன்னும் குறையும். ஆகவே 25, மிஞ்சிப் போனால் 30.

செட் வாங்கும்போது பெயரைவிட ஒரு விஷயத்தைப் பாருங்கள்: முன்பக்க ஸ்ட்ரட்டின் (சக்கரத்தைத் தாங்கும் ஷாக் கம்பத்தின்) கீழ் பிராக்கெட் தனியாகத் திருகி ஏற்றி இறக்கும் வகையா? ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்கும் செட்டில், வண்டி இறங்க இறங்க பிஸ்டன் ராடும் உள்ளே போய்விடும். 30 மி.மீ. இறக்கினால் ஷாக் அமுங்க மிச்சமிருக்கும் தூரத்தில் 30 மி.மீ. காலி. அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப் என்கிற கடைசித் தடுப்பில்தான் உட்காரும். பாடி நீளமே மாறும் வகையில் உயரம் குறைந்தாலும் அந்தத் தூரம் குறையாது. விலை கூடுதல்தான், ஆனால் நம்ம ரோட்டுக்கு இதுதான் சரி.

இன்னொன்று, பின்பக்கம் உங்களுக்கு உண்மையில் காயிலோவரே வராது. உங்களுடையது டார்ஷன் பீம் வண்டி, அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே குறுக்குத் தண்டு இணைக்கும். அதில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங்குக்கு அடியில் திருகும் ஒரு கிண்ணமும், நீளம் மாறும் ஒரு ஷாக்கும் தருவார்கள். வெர்னா, விர்டஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

மன்னார்குடியிலிருந்து: சார், ஸ்பிரிங் முன்னாடி 5 கிலோ, 7 கிலோ என்று ரெண்டு இருக்கிறதாம். எது நல்லது?

இரண்டுமே வேண்டாம், கிடைத்தால் 3 முதல் 4 கேளுங்கள். கிலோ என்பது ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்கத் தேவையான எடை. முன்பக்கம் ஒரு சக்கரத்தின் மேல் 315 கிலோ உட்கார்ந்திருப்பதாக வையுங்கள். 3 கிலோ ஸ்பிரிங்கில் வண்டி நொடிக்குச் சுமார் 1.5 முறை ஆடும், 5 கிலோவில் 2 முறை. கம்பெனி செடான்கள் பொதுவாக 1.2-க்கும் 1.5-க்கும் நடுவில் இருக்கும். 2-ஐத் தாண்டினால் ஒட்டுப் போட்ட ரோட்டில் முதுகெலும்பு எண்ணிக் காட்டும். 7 கிலோ ரேஸ் டிராக்குக்கு.

மயிலாடுதுறையிலிருந்து: இறக்கியாச்சு, தனியாகப் போனால் பிரச்சினை இல்லை. குடும்பத்தோடு வேளாங்கண்ணி போனால் பின் டயர் வீல் ஆர்ச்சில் உரசுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பின் ஸ்பிரிங் 4 கிலோ என்றாலும் அது நிற்பது அச்சுக்குச் சற்று முன்னால். நெம்பு விகிதம் (சக்கரம் 1 மி.மீ. நகர்ந்தால் ஸ்பிரிங் நகரும் அளவு) 0.8 என்றால் சக்கரத்தில் கிடைப்பது 4 × 0.8 × 0.8, அதாவது 2.56. இரண்டு பக்கமும் சேர்த்து 5.1. பின் சீட்டு ஆட்களும் டிக்கிச் சாமானும் 150 கிலோ பின் அச்சில் ஏறினால் 29 மி.மீ. இறங்கும். நீங்கள் ஏற்கெனவே இறக்கியதோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 10 மி.மீ. உயரமாக வைப்பதுதான் வழி. போட்டோவில் கொஞ்சம் குனிந்த மாதிரி தெரியும், பரவாயில்லை.

உயரம் போதுமா என்று பார்க்க, டஸ்ட் கவரைத் தூக்கி பிஸ்டன் ராடில் ஒரு கேபிள் டையை இறுக்கி, சீல் வரை தள்ளிவிடுங்கள். முழு லோடோடு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். டை பம்ப் ஸ்டாப்பை முட்டி நின்றால் 5 மி.மீ. ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். பம்ப் ஸ்டாப்பை அறுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் அடி நேராக ஷாக்குக்குள்ளேயே விழும்.

திருவாரூரிலிருந்து: முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. கேம்பர் போய்விட்டது என்கிறார்கள்.

பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மைனஸ் 1, 1.5 டிகிரி இருந்தால் டயர் அவ்வளவு வேகமாகத் தேயாது. டோ வெளியே திரும்பியிருந்தால்தான் உள் ஓரத்தை ரம்பம் மாதிரி அறுக்கும். கையை டயர் மேல் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் பிசிறு பிடித்தால் டோதான். மாட்டியவுடன் அலைன்மென்ட் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிங் உட்கார 200 கிலோமீட்டராவது ஓட வேண்டும். அப்புறம் மறுபடி பாருங்கள், டோ பூஜ்யத்திலோ ஒரு துளி உள்ளேயோ இருக்கட்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து: கடற்கரைப் பக்கம்தான் வீடு. மரை துருப்பிடித்துவிடுமா அண்ணே?

பிடிக்கும். உப்புக்காற்று பாதி, ரோட்டுச் சேறு மீதி. நடவிலும் தை அறுவடையிலும் டிராக்டரும் அறுப்பு மெஷினும் ரோட்டில் இழுத்துவிடும் களிமண் மரைக்குள் உட்கார்ந்து ஈரத்தை விடாது. ஒரு சீசன் விட்டால் லாக் ரிங் அசையாது, ஸ்பேனர்தான் வளையும். காயும் முன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாட்டரை ராடு சீலில் நேராக அடிக்க வேண்டாம். மாட்டும்போதே மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் போகாமல் காக்கும் பசை) தடவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிங்கைத் தளர்த்தி, ஒரு சுற்று சுற்றி, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து: நம்ம மெக்கானிக் காயிலோவர் மாட்டினது இல்லை. என்ன சொல்லிவிடலாம்?

மூன்றே விஷயம். ஜாக்கி போடும் முன் நாலு சக்கரத்திலும் நடு ஹப்பிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளட்டும். ஸ்ட்ரட் மேல் நட்டை ஏர் கன்னில் இறுக்கக் கூடாது. ராடு சுற்றினால் சீல் போகும், ராடை ஆலன் கீயில் பிடித்துக் கையால் இறுக்கட்டும். லோயர் ஆர்ம், பின் பீம் ரப்பர் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே கடைசி இறுக்கு. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

ஷாக்கின் கடினத்தை மாற்றும் டேம்பிங் குமிழை முழுக்க இறுக்கிய இடத்திலிருந்து பின்னோக்கி கிளிக் எண்ணுங்கள், நடுவில் தொடங்குங்கள். பலமாகத் திருக வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து: போலீஸ், ஆர்டிஓ தொல்லை வருமா?

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி விவரத்துக்கு மாறான மாற்றத்தைத் தடுக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழைய ஸ்ட்ரட், ஸ்பிரிங், ஷாக் முழு செட்டையும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரண் மேல் போடுங்கள். எஃப்.சி.க்குப் போகும்போது தேவைப்படும்.