கிட்டார் கற்கப் புத்தகம் போதுமா? வாசகர் கேள்வி பதில்

கே: சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் மூன்று கிட்டார் புத்தகங்கள் வாங்கினேன். மூன்றிலும் இருபது பக்கத்தைத் தாண்டவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை ஓரங்கட்டுவது?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை கிட்டார் என்று பாருங்கள். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல், ஸ்டீல் கம்பி அகூஸ்டிக், எலெக்ட்ரிக் என மூன்றுக்கும் வலதுகை வேலை வேறு. கிளாசிக்கல் புத்தகம் முதல் பாடத்திலிருந்தே பி, ஐ, எம், ஏ என்று விரல் எழுத்துகளைப் போட்டிருக்கும்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பிடித்து வாசிக்கும் புத்தகத்தில் அந்த இடத்தில் கீழ்வீச்சுக்கு வாசல் நிலை போன்ற ஒரு குறியும் மேல்வீச்சுக்கு 'வி' வடிவமும் வரும். உங்கள் கிட்டாருக்குப் பொருந்தாத புத்தகத்தை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

இருபதாம் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் உங்கள் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். ஆரம்பப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு ஒரு கம்பி என்று நிதானமாகப் போகும். பிறகு ஒரே பாடத்தில் கம்பி தாவுவது, அரைத்தட்டு ஸ்வரங்கள், கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். அந்த இடத்தில் முன்னே தள்ளாமல் இரண்டு பாடம் பின்னே போங்கள். மற்ற புத்தகங்களில் அதே அளவு எளிதான பக்கங்களை எடுத்து, பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் வீணாகாது.

முதன்மைப் புத்தகம் ஒன்று, விரல் பயிற்சிக்கு மட்டும் இன்னொன்று: அதற்கு மேல் தேவையில்லை. கிளாசிக்கல் வாசிப்பவர்களுக்கு இத்தாலிய கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானியின் ஓபஸ் 1 என்ற பயிற்சி நூல் (1812) இன்றும் கைகொடுக்கும். அதில் வலதுகைக்கு மட்டும் 120 பயிற்சிகள். இடதுகைக்கு ஸி, ஜி7 என்று இரண்டே கார்டுகள்தான், அதனால் கவனம் முழுவதும் வலதுகை விரல்களில் நிற்கும். பிக் வாசிப்பவர்களுக்கு வில்லியம் லெவிட் அமெரிக்காவின் பெர்க்லி இசைக்கல்லூரிக்காக எழுதிய பாடநூல் உறுதியானது. ஆனால் அதில் டேப் (ஆறு கம்பிகளைக் கோடுகளாகப் போட்டு ஃப்ரெட் எண்ணைக் காட்டும் குறிப்பு) கிடையாது, ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் ஸ்வரக் குறிப்பு) மட்டும்தான். தனியாகப் படிப்பவருக்கு முதல் புத்தகமாக அதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. ஆயிரக்கணக்கில் கார்டு போட்ட அகராதிகளைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கலாம். அவற்றிலிருந்து பயிற்சி எதுவும் கிடைக்காது.

கே: ஒரு பக்கத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரியாக வாசித்துவிடுகிறேன். மறுநாள் எடுத்தால் பழைய தடுமாற்றமே. ஏன்?
- ஒரு வாசகி, திருச்சி

ப: முதல் ஒன்பது தடவை தப்பாகவும் பத்தாவது தடவை சரியாகவும் வாசித்திருந்தால், கைக்கு அதிகம் பழகியது தப்புதான். அதோடு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது கடைசியில் வரும் சரளம், அந்த நிமிடத்தின் சூட்டில் வருவது. மறுநாள் முதல் தடவையில் வருவதுதான் உங்கள் உண்மையான நிலை.

மாற்ற வேண்டியவை சில. முதலில் கிட்டாரை எடுக்காமல் பக்கத்தைப் படியுங்கள். தாளம் என்ன, எந்த ஸ்கேல், எந்த ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கை இருக்க வேண்டும், எங்கே கை நகர்கிறது என்று பார்த்து, நகரும் இடத்தில் பென்சிலால் விரல் எண்ணை (ஆள்காட்டி 1 முதல் சுண்டுவிரல் 4 வரை) எழுதுங்கள். புத்தகம் போட்ட விரல் எண் உங்கள் கைக்கு ஒத்துவராவிட்டால் மாற்றலாம். மாற்றியதை எழுதிவைக்க வேண்டும், நாளுக்கொரு விரல் போடக் கூடாது.

பிறகு இரண்டு பார் (நெட்டுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தாளக் கட்டம்) மட்டும் எடுங்கள், கூடவே அடுத்த பாரின் முதல் ஸ்வரத்தையும். இந்தக் கூடுதல் ஸ்வரத்தை விட்டுவிடுவதால்தான் தனித்தனியாக நன்றாக வரும் பார்கள் சேர்த்து வாசிக்கும்போது மூட்டில் உடைகின்றன. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50 அல்லது 60 தட்டில் வையுங்கள். முதல் தடவையே பிழையில்லாமல் வரும் வேகம் எதுவோ அதுதான் தொடக்க வேகம். அது 40 என்றால் 40தான். தொடர்ந்து மூன்று முறை சுத்தமாக வந்தால் 4 கூட்டுங்கள். இரண்டு முறை அடுத்தடுத்துத் தவறினால் 8 குறையுங்கள். அன்று நின்ற வேகத்தையும் தேதியையும் பக்க ஓரத்தில் குறித்துவிடுங்கள். மறுநாள் அதற்கு 10 குறைவாகத் தொடங்க வேண்டும்.

ஒரே துண்டில் நாற்பது நிமிடம் குந்தியிருக்காதீர்கள். மூன்று துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் வீதம் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். சுற்றி வரும்போது பாதி மறந்துபோயிருக்கும், எரிச்சலாக இருக்கும். மறந்ததை மீட்டெடுக்கும் அந்த வேலைதான் மறுநாளைக்குத் தங்குகிறது. நாற்பது நிமிடம் உண்டென்றால் பழைய பக்கம் ஒன்றுக்கு 5, விரல் பயிற்சிக்கு 10, புதிய பாடத்துக்கு 15, பார்த்து வாசிப்பதற்கு 5, பிடித்த பாட்டுக்கு 5 என்று பிரிக்கலாம். பார்த்து வாசிக்கும் ஐந்து நிமிடத்தில் மட்டும் தப்பு வந்தாலும் நிற்காமல், திரும்பிப் போகாமல் தாளத்தோடு ஓடிவிட வேண்டும்.

கே: டேப் இருக்கும்போது ஸ்டாஃப் நொட்டேஷன் எதற்கு?
- ஒரு கல்லூரி மாணவர், கோவை

ப: டேப் விரலை எங்கே வைப்பது என்று சொல்லும், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. பாட்டு முன்பே காதில் இருந்தால் டேப் போதும், கேட்காத பாட்டென்றால் போதாது. ஸ்டாஃபின் பலவீனம் வேறு. திறந்த (விரல் அழுத்தாத) முதல் கம்பியின் 'ஈ' ஸ்வரமே இரண்டாம் கம்பி 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் கம்பி 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் கம்பி 14ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும். எதில் வாசிப்பது என்பதை ஸ்டாஃபில் வட்டத்துக்குள் இருக்கும் கம்பி எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சான புத்தகமே தனியாகக் கற்பவருக்கு வசதி. தாளத்தை மேல்வரியில் படித்துக் கைதட்டிப் பாருங்கள், இடத்தைக் கீழ்வரியில் பாருங்கள். டேப்பின் மேல்கோடு மெல்லிய முதல் கம்பி. மடியில் கிட்டாரை வைத்தால் மேலே இருப்பது தடித்த கம்பி என்பதால் முதல் வாரம் எல்லோருக்கும் தலைகீழாகும்.

கே: புத்தகத்தில் உள்ள 1-2-3-4 விரல் பயிற்சியை வாசித்தால் சுண்டுவிரல் எங்கோ பறக்கிறது. மணிக்கட்டும் வலிக்கிறது. தொடரலாமா?
- ஒரு வாசகர், மதுரை

ப: விரல் நுனி எரிச்சல் இயல்பு, சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, மரமரப்பு என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சில நாள் ஓய்வுக்குப் பின்னும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 'வலித்தால்தான் வளரும்' என்ற உடற்பயிற்சிக்கூடப் பேச்சு இங்கே ஆகாது.

பல புத்தகங்கள் இந்தப் பயிற்சியை 1ஆம் ஃப்ரெட்டில் அச்சிட்டிருக்கும். அங்கேதான் ஃப்ரெட்டுகளுக்கு இடையே இடைவெளி அதிகம். நீங்கள் 5ஆம் ஃப்ரெட்டில் தொடங்குங்கள், அல்லது 7இல். விரலை ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், ஒட்டினாற்போல் வைத்தால் குறைந்த அழுத்தமே போதும். எவ்வளவு போதும் என்று அறிய, கம்பியைத் தொட்டபடி மீட்டிக்கொண்டே மெல்ல அழுத்துங்கள். கரகரப்பு நின்று ஸ்வரம் தெளியும் அந்தப் புள்ளியோடு நிறுத்துங்கள். பலரும் இதைவிட இரு மடங்கு அழுத்துகிறார்கள்.

சுண்டுவிரல் பறப்பதற்கு மருந்து: ஏறும்போது வைத்த விரலை எடுக்காதீர்கள். 1 இருக்க 2, இரண்டும் இருக்க 3 என்று நான்கும் கம்பியில் உட்கார வேண்டும். அடுத்த கம்பிக்கு ஒவ்வொரு விரலாக, மற்றவை அசையாமல், மாற்றுங்கள். வேகத்தை 40க்குக் குறைத்து, தூக்கும் உயரத்தை மட்டும் கவனியுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. இது சுத்தமாக வந்தபின் 1-3-2-4, 1-4-2-3 என்று வரிசையை மாற்றலாம். நான்கு விரலுக்கு மொத்தம் 24 வரிசைகள் உண்டு. நாளுக்கு இரண்டு போதும்.

கே: எஃப் கார்டு பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: பாதிப்பேர் அங்கேதான் மூடுகிறார்கள், அதில் கணிசமான பேருக்குக் குற்றம் கையில் இருக்காது, கிட்டாரில் இருக்கும். மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை அளவே இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் பள்ளமுள்ள துண்டு) உயரம் அதிகம். ரிப்பேர் கடையில் நட்டின் பள்ளங்களை அரத்தால் சற்று ஆழமாக்கிக் கொடுப்பார்கள். நீங்களே அராவ வேண்டாம், அதிகம் இறங்கிவிட்டால் திறந்த கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கத் தொடங்கும்.

12ஆம் ஃப்ரெட்டிலும் ஓர் அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். ஸ்டீல் கம்பி அகூஸ்டிக்கில் ஆறாம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 2.5 மி.மீ., முதல் கம்பிக்கு 1.8 மி.மீ. ஒட்டி இருந்தால் நல்ல ஆக்‌ஷன் (கம்பியின் உயரம்). நைலானில் 4, 3 மி.மீ. வரை சகஜம். ஈரப்பதம் ஏறும் மாதங்களில் மரம் ஊதி மேல்பலகை எழும்பும், ஆக்‌ஷனும் கூடவே ஏறும். மழைக்காலத்தில் கார்டு திடீரென்று கடினமானால் முதலில் அளந்து பாருங்கள். 12 செட் கம்பி (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன்) போட்டிருந்தால் மெல்லிய 10 செட்டுக்கு இறங்குவதும் உதவும்.

கை வேலை என்று பார்த்தால்: எஃப் கார்டை 1ஆம் ஃப்ரெட்டிலேயே தொடங்காதீர்கள். 5ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை மட்டும் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டுங்கள். விரலின் உள்சதையில் மடிப்புப் பள்ளங்கள் உண்டு, கம்பி அதில் விழுந்தால் ஊமையாகும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்று உருட்டி, எலும்பான ஓரத்தால் அழுத்துங்கள். கட்டைவிரல் கழுத்தின் பின்நடுவில், நடுவிரலுக்கு நேராக. முழங்கையை உடம்பை நோக்கிச் சற்று உள்ளே கொண்டுவந்தால் கையின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். எஃப்பில் ஆள்காட்டி உண்மையில் தாங்க வேண்டியது 6, 2, 1 ஆகிய மூன்று கம்பிகளைத்தான், மற்றவற்றை மூன்று விரல்கள் பார்த்துக்கொள்ளும். 5இல் தெளிவாக ஒலித்தபின் வாரம் ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள். அதுவரை புத்தகத்தில் எஃப் வரும் இடங்களில் மெல்லிய நான்கு கம்பிகளில் மட்டும் பிடிக்கும் சிறிய எஃப் போட்டுக்கொண்டு அடுத்த பாடங்களைத் தொடரலாம்.

கே: போனில் பி.டி.எஃப். வைத்துப் பயிற்சி செய்யலாமா?
- ஒரு வாசகர், சென்னை

ப: குனிந்து பார்த்தால் கழுத்து போகும், குறிப்பு எழுத முடியாது, நடுவில் வாட்ஸ்அப் வரும். அச்சுப் புத்தகத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். மூடிக்கொள்ளாமல் ஸ்டாண்டில் தட்டையாக நிற்கும்.

கே: கர்நாடக இசை கொஞ்சம் கற்றிருக்கிறேன். கிட்டார் புத்தகத்தின் ஸ்கேல் பயிற்சிகளுக்குப் பதில் சரளி வரிசையை வாசிக்கலாமா? மெட்ரோனோமில் 90க்கு மேல் பிக் தடுக்குகிறது.
- ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

ப: பதிலாக வேண்டாம், கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாஃப் படிக்கும் பழக்கம் புத்தகத்திலிருந்துதான் வரும். விரல் பயிற்சியாகச் சரளி வரிசை அருமையானது, மூன்று காலங்கள் ஏற்கெனவே அதற்குள் இருக்கின்றன. மெட்ரோனோம் 60இல் தட்டுக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு.

சரளி வரிசைக்கான மாயாமாளவகௌளை ராகத்தை ஐந்தாம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டை ஸட்ஜமாக வைத்து இப்படிப் போடலாம். ஐந்தாம் கம்பியில் ஸ 3 (ஆள்காட்டி), ரி 4 (நடுவிரல்). நான்காம் கம்பியில் க 2 (ஆள்காட்டியை ஒரு ஃப்ரெட் பின்னுக்கு நீட்டி), ம 3 (மீண்டும் ஆள்காட்டி), ப 5 (மோதிரவிரல்), த 6 (சுண்டுவிரல்). மூன்றாம் கம்பியில் நி 4 (நடுவிரல்), மேல் ஸ 5 (மோதிரவிரல்). கமகம் இல்லாமல் நேராகவே வாசியுங்கள், இப்போதைய வேலை பிக்கும் விரலும் ஒன்றாக விழுவதுதான்.

இதில் கம்பிக்கு 2, 4, 2 என்று எல்லாமே இரட்டைப்படை. கீழ்வீச்சில் தொடங்கி மாறி மாறி வாசித்தால் ஒவ்வொரு புதுக் கம்பியிலும் கீழ்வீச்சே முதலில் வரும். ஏறும்போது பிக் இரண்டு கம்பிகளுக்கும் உள்பக்கமாகவும் இறங்கும்போது வெளிப்பக்கமாகவும் கடக்கிறது. உங்களுக்கு 90இல் தடுக்குவது பெரும்பாலும் இந்தத் தாண்டலில்தான் இருக்கும். சோதிக்க, ஒரே கம்பியில் ஒரே ஸ்வரத்தை அதே வேகத்தில் வாசித்துப் பாருங்கள். அது ஓடினால் வீச்சில் குறையில்லை, தாண்டலில்தான் குறை. அப்போது ரி-க, த-நி ஆகிய இரு ஜோடிகளை மட்டும் தனியே எடுத்து 60இல் சுற்றுங்கள். பிறகு முழு வரிசையையும் மேல்வீச்சில் தொடங்கி வாசியுங்கள், தாண்டும் பக்கம் மாறிவிடும். ஒரே கம்பியிலேயே தடுக்கினால் பிக் கம்பிக்குள் ஆழமாகப் போகிறது என்று பொருள். நுனி 2 மி.மீ. அளவு மட்டும் கம்பியைக் கடக்கும்படி பிடித்து, பிக்கை லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு மி.மீ. தடிமனுள்ள பிக் வளையாது, மெல்லிய பிக் வளைந்து திரும்ப எடுக்கும் நேரமே அந்த வேகத்தில் தாமதமாகத் தெரியும்.